ஏற்றுமதி மீனுக்குச் சோதனை; ஏழையின் மீனுக்கு?

குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக, தில்லியில் இயங்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2003 ஆகஸ்டில் அறிவித்தபோது நாடாளுமன்றமே கொந்தளித்தது. சரத் பவார் தலைமையில் கூட்டுக்குழு அமைக்கப்பட்டு, 2004 பிப்ரவரியில் அறிக்கையும் தாக்கலானது. குளிர்பானம் இல்லாமல் வாழலாம். ஆனால், பிகாரிலும் மேற்கு வங்கத்திலும் அசாமிலும் கோடிக்கணக்கான ஏழைகளுக்கு நன்னீர் மீன்தான் எட்டக்கூடிய புரதம். அதில் சேரும் நஞ்சைப் பற்றி அத்தகைய கொந்தளிப்பு ஒருபோதும் எழுந்ததில்லை.

வயலில் தெளிக்கப்படும் மருந்தில் ஒரு பகுதி மழைநீருடன் வாய்க்காலுக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் போகிறது. டிடிடி, லிண்டேன், எண்டோசல்பான் போன்ற குளோரின் கலந்த பூச்சிக்கொல்லிகள் நீரில் எளிதில் கரைவதில்லை. வண்டலில் படிகின்றன, கொழுப்பில் தங்குகின்றன. நுண்ணுயிர்களைத் தின்னும் சிறுமீன், சிறுமீனைத் தின்னும் பெருமீன் எனப் படிப்படியாக நஞ்சின் செறிவு உயர்கிறது. 2009-ல் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்ட கங்கை டால்பினின் உடற்கொழுப்பில் டிடிடி சேர்ந்திருப்பதை 1990-களிலேயே ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். டால்பின் உண்பதும் மனிதர் உண்பதும் ஒரே ஆற்றின் மீன்களைத்தான்.

தடைகள் வராமல் இல்லை. விவசாயத்தில் டிடிடி 1989-ல் விலக்கப்பட்டது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கு அதன் பின்னரும் அனுமதி தொடர்ந்தது. எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. லிண்டேன் பயன்பாடு 2013-ல் நிறுத்தப்பட்டது. டிடிடியிலிருந்து தயாரிக்கப்படும் டைகோபாலுக்கு 2023-ல்தான் தடை வந்தது. ஆனால், ஆணை பிறந்த நாளிலேயே ஆற்றின் அடிவண்டல் தூய்மையாகிவிடுவதில்லை. பழைய எச்சம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் லிண்டேனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றும், டிடிடியை அதற்கான வாய்ப்பு மிகுந்த பொருள் என்றும் வகைப்படுத்தியது. தாய்ப்பால் வழியாக இவை குழந்தையையும் அடைகின்றன. இவற்றுக்கு மாற்றாக வந்த சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை விரைவில் சிதைவன. ஆனால் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்பவை. முன்னது உண்பவரின் உடல்நலத்தைப் பாதிக்கிறது; பின்னது மீனவரின் பிழைப்பைப் பறிக்கிறது.

இந்தியாவின் மீன் உற்பத்தி 2022-23-ல் சுமார் 175 லட்சம் டன். அதில் 131 லட்சம் டன் உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து கிடைத்தது. இறால் போக, இதில் பெரும்பகுதி நம் மக்களே உண்பது. வெளிநாடு செல்லும் வளர்ப்பு இறாலுக்கும் மீனுக்கும் எச்சக் கட்டுப்பாட்டுத் திட்டம் உண்டு. சோதனையில் தவறினால் சரக்கு திரும்பி வரும் என்ற அச்சமும் உண்டு. உள்ளூர்ச் சந்தைக்கு வரும் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அந்தக் கண்டிப்பு இல்லை. 2005-06 முதல் நடைபெறும் தேசிய எச்சக் கண்காணிப்புத் திட்டத்தில் மீன் மாதிரிகளும் அடங்கும். எனினும், அதன் முடிவுகள் அறிக்கைகளில் தங்குகின்றனவே தவிர, மீன் வாங்குபவரின் காதுக்கு எட்டுவதில்லை. எந்த ஏரி மீனை எவ்வளவு உண்ணலாம் என்று அமெரிக்க மாநிலங்கள் அறிவிப்பதைப் போன்ற முறை இங்கு வேரூன்றவில்லை.

மீனே வேண்டாம் என்பது தீர்வாகாது. அது ஏழையின் உணவையும் மீனவரின் வருவாயையும் ஒருசேரப் பறிப்பதாகும். குடலையும் கொழுப்பையும் நீக்கிச் சமைத்தால் எச்சம் ஓரளவு குறையும். ஆனால், அடுப்பங்கரையில் மட்டும் தீரும் சிக்கல் அல்ல இது. ஒவ்வொரு ஆற்றுப் படுகையிலும் மழைக்காலத்துக்குப் பின் மீன்களைச் சோதித்து, முடிவை அந்தந்த மாநில மொழியில் அறிவிக்க வேண்டும். 2014-ல் ரூ. 20,000 கோடி ஒதுக்கீட்டுடன் தொடங்கிய நமாமி கங்கை திட்டம் பெரிதும் கழிவுநீரையே குறிவைத்தது. வயல்வெளி வடிகாலும் அதே அக்கறையைப் பெற வேண்டும். கங்கைக் கரையில் ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்கு ரசாயனமற்ற வேளாண்மை என்ற 2022 பட்ஜெட் அறிவிப்பின் பலனை, அந்த ஆற்று மீனைச் சோதித்தே மதிப்பிடலாம்.

அயல்நாட்டு நுகர்வோருக்குத் தரும் பாதுகாப்பைச் சொந்தக் குடிமக்களுக்கும் தருவது சலுகையல்ல, அரசின் கடமை.