எப்ப சாப்பிடச் சொல்லுறியள்?

காலமை ஆறு மணிக்கு உடுப்பிட்டிச் சந்தியில நிண்டு பாருங்கோ. நெல்லியடிப் பக்கம் சைக்கிள்கள் போகும். முதுகில புத்தகப்பை, வயித்தில ஒரு பிளேன்ரீ. ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பிறகு திரும்பவும் ரியூசன். ரெண்டு மணி தாண்டித்தான் சோத்தைக் காண்பம், அதுவும் எல்லா நாளும் இல்லை. இடையில கன்ரீன் பணிசும் ஒரு சோடாவும். நாங்கள் இப்படித்தான் உயர்தரம் படிச்சு முடிச்சம். 'இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குச் சாப்பிடத் தெரியாது' எண்டு மேடையில சொல்லுற பெரியாக்களிட்ட எங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான்: எப்ப சாப்பிடச் சொல்லுறியள்?

தெரியாமல் இல்லை. காபோவைதரேற்று, புரதம், விற்றமின், கனியுப்பு எல்லாம் சுகாதாரப் பாடத்தில எழுதிப் புள்ளியும் எடுத்தம். எழுதினது நேர அட்டவணைக்குள்ள வரேல்லை, அவ்வளவுதான்.

சோடாவைப் பாருங்கோ. 2016இலிருந்து இலங்கையில் இனிப்புப் பானங்களுக்கு நிறக்குறி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்கும் குறைந்தால் பச்சை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 100இல் 10 கிராம் சீனி உள்ள பானமும் மஞ்சள்தான். அதில் 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைக் குடித்தால் 40 கிராம் சீனி. ஒரு நாளைக்குச் சேர்க்கிற சீனி ஏறக்குறைய 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெறும் வயித்தில, வெயிலுக்க, மஞ்சள் குறியை நம்பிக் குடிக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கை ஆர் சொன்னது?

பொடியள் கொஞ்சப் பேர் ஜிம்முக்குப் போய், வீட்டுக் காசில ரின் ரின்னாப் புரதப் பவுடர் வாங்குறாங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்பது பொதுக் கணக்கு. 50 கிலோ ஆளுக்கு 40 கிராம். ரெண்டு முட்டையில 12, அவிக்க முதல் 50 கிராம் நிறுத்த கடலையில 10, நூறு கிராம் சூடை மீனில ஒரு 18. கணக்கு முடிஞ்சுது. தசை வளர்க்கிறவருக்கு இன்னும் கொஞ்சம் வேணும்தான், அதையும் பயறும் கச்சானும் தரும். வல்வெட்டித்துறைக் கடல் சைக்கிள் ஓடுற தூரத்தில கிடக்குது, நாங்கள் ரின்னுக்க மீன் தேடுறம்.

எங்களுக்கு உண்மையிலேயே கோவம் வாறது பொம்பிளைப் பிள்ளையளின்ர விசயத்தில. 14 முதல் 18 வயதில் ஆணுக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்புச்சத்து, பெண்ணுக்கு 15 என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. மாதவிடாயில் இழக்கிற இரத்தம்தான் காரணம். கூடத் தேவைப்படுறவளுக்கு வீட்டில கடைசித் துண்டு மீன், இல்லாட்டிக் குழம்பு மட்டும். காலமைப் பிரார்த்தனையில அவள் மயங்கி விழுந்தா, 'டயற் பண்ணுறாள் போல' எண்டு சிரிப்பு. கீரைக்குத் தேசிப்புளி விடுற அம்மம்மாவின்ர பழக்கம் சரியான விஞ்ஞானம், விற்றமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். சாப்பிட்ட கையோட குடிக்கிற தேத்தண்ணி அதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிச்சா ஒண்டும் குறையாது.

இதை எழுதினா உடன 'முன்னோர் உணவுக்குத் திரும்புங்கோ' எண்டு ஒரு கூட்டம் வரும். குரக்கன் புட்டு, ஒடியல் கூழ், சிவப்பரிசி. குரக்கனில சோத்தை விடப் பல மடங்கு கல்சியம் இருக்கிறது உண்மை, கூழ் எங்களுக்கும் உயிர்தான். ஆனா விடிய நாலு மணிக்கு எழும்பி அந்தப் புட்டை ஆர் அவிக்கிறது? அம்மா. அவவும் வேலைக்குப் போற மனிசி. பாரம்பரியம் எண்டு மேடையில பேசுறவர் எத்தினை நாள் மா வறுத்தவர்?

அதால அம்மாவிட்ட ஒண்டும் கேக்கேல்லை, பள்ளிக்கூடங்களிட்டயும் ரியூசன்காரரிட்டயும்தான் கேக்கிறம். காலமை வகுப்பை இருபது நிமிசம் முந்தி விடுங்கோ. சாப்பிட்டுப்போட்டுப் பள்ளிக்குப் போறம். கன்ரீனில பணிசுக்குப் பக்கத்தில ஒரு சட்டி அவிச்ச கடலையோ பயறோ வையுங்கோ. கோயில் திருவிழாவில விக்கிற கடலை பள்ளிக்கூடத்தில விலைப்படாதெண்டு ஒருத்தரும் சொல்லேலாது. குடிக்கிற தண்ணிக் குழாயைத் திருத்துங்கோ, சோடாவை அதுக்குப் பிறகு கதைப்பம்.