பிசுபிசுப்பா, வழுவழுப்பா? சொல்லத் தயங்க வேண்டாம்



மீன் வாங்கும்போது உடம்பைத் தடவிப் பார்க்கிறோம். சோற்றுப் பானையில் ஒரு பருக்கையை எடுத்து நசித்துப் பார்க்கிறோம். எருமைத் தயிர்ச் சட்டிக்குள் கரண்டியை விட்டு, நூல் விடுகிறதா என்று தூக்கிப் பார்க்கிறோம். குசினியில் பல தடவை கண்ணுக்கு முன்னமே கை தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

அந்தத் தீர்ப்பைச் சொல்ல நம்மிடம் சொற்களும் தாராளமாக உண்டு. புளியந்தீவில் வாவிக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் உடம்பு கசகச என்கிறது. சீனிப்பாகு பட்ட விரல் பிசுபிசு என்கிறது. வெண்டிக்காய் வெட்டிய கத்தி கொழகொழ என்றும், பாசி பிடித்த கிணற்றடிக் கல் வழுவழு என்றும், மாரி மழைக்குப் பிறகு வாவிக்கரை சதசத என்றும் இருக்கும். இவற்றை இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்பார்கள். இரண்டாய் வந்தால்தான் பொருள் தரும், பிரித்தால் பொருள் நிற்காது. தொல்காப்பியரே இதைக் கவனித்து விதி சொல்லியிருக்கிறார்.

இந்த வளம் நமக்கு மட்டும் உரியதல்ல. யப்பானிய மொழியில் இப்படிப்பட்ட சொற்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வியர்வை, பாகு, எண்ணெய் போன்றவை தோலில் ஒட்டினால் 'பெத்தா பெத்தா'. நூல் விட்டு இழுபட்டால் 'நெபா நெபா'. விலாங்கு மீன்போல் வழுக்கினால் 'நுரு நுரு'. நமது பிசுபிசு, கொழகொழ, வழுவழு மூன்றுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். யப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டவர். அவரோடு சேர்ந்து நமது நாட்டின் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் ஆய்வு செய்தார்கள். மொழியியலாளர் பலர் அந்த உறவை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கை உணர்ந்ததை இரட்டைச் சொல்லால் சொல்லும் பழக்கம் இரு பக்கமும் இருக்கிறது.

ஒரு வேறுபாட்டையும் பாருங்கள். யப்பானியர் சோயா அவரையைப் புளிக்க வைத்து 'நத்தோ' என்று உண்கிறார்கள். நூல் நூலாய் இழுபடும் அந்த 'நெபா நெபா'தான் அதன் சிறப்பு. அதை உண்டாக்குவது பசிலஸ் சப்டிலிஸ் என்ற பக்டீரியா. அதே இனம் பாணுக்குள் பெருகினால், பாணின் நடுப்பகுதி பிசுபிசுத்து நூல் விடும். அதைக் குப்பையில்தான் போடவேண்டும். ஆகவே எந்தப் பொருளில், எப்படிப்பட்ட பிசுபிசுப்பு என்று பார்ப்பது முக்கியம்.

சோற்றுக்கும் இது பொருந்தும். கொழகொழத்த சோற்றைக் கழுவி, சூடாக்கிச் சாப்பிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. பசிலஸ் சீரியஸ் என்ற இன்னொரு பக்டீரியா சோற்றில் விடும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. சோறு கொழகொழக்கும் முன்னரே அந்த நஞ்சு இருக்கவும் கூடும். சமைத்த சோற்றை நமது வெக்கையில் மணிக்கணக்காய் வெளியே வைக்காதிருப்பதே காப்பு.

இனி, நாம் பேசத் தயங்கும் இடத்துக்கு வருவோம். மீனையும் சோற்றையும் பற்றி இவ்வளவு நுட்பமாய்ச் சொல்லும் நாம், கிளினிக்கில் போய் இருந்தால் "ஒருமாதிரி இருக்கு டொக்டர்" என்பதோடு நிறுத்திவிடுகிறோம்.

வெள்ளைபடுதலை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய்க்கு இடைப்பட்ட நாட்களில், முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, வழுவழுவென்று இழுபடுவது இயல்பானது. கரு முட்டை வெளிவரும் காலம் அது. தயிர்க்கட்டி போலத் தடித்து, கடியும் எரிவும் இருந்தால் பங்கசுத் தொற்றாக இருக்கலாம். மெல்லிய சாம்பல் நிறத்தில் மீன் வெடுக்கு வீசினால் பக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். பச்சை மஞ்சளாய் நுரைத்தால் அது வேறு வகை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. உறவுக்குப் பின்போ, மாதவிடாய் முற்றாக நின்ற பின்போ இரத்தம் கலந்து வந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

மலத்தைப் பற்றிச் சொல்ல அதைவிடவும் கூச்சம். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையால் மலம் கறுப்பது வழமை, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தார்போல் கறுத்து, பிசுபிசுவென்று ஒட்டி, கடும் நாற்றமும் இருந்தால் இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ இரத்தம் கசிவதாக இருக்கலாம். நோவுக்கு மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கும் முதியவர்களில் இதைக் கவனியுங்கள். "கறுப்பாய்ப் போகுது" என்பது மட்டும் போதாது. "தார்போல ஒட்டுது" என்ற சொல்தான் அவசரத்தை உணர்த்தும். உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

சொல்லும் முறையிலும் ஒரு கவனம் வேண்டும். இரட்டைச் சொற்கள் மொழி தாண்டுவது கடினம். 2008 தொடக்கம் இந்தோனேசியத் தாதியர் யப்பானிய வைத்தியசாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். அங்கே நோயாளிகள் நோவை 'சுகி சுகி', 'சிக்கு சிக்கு' என்றே சொல்வார்கள். முதலாவது நமது 'விண்விண்', இரண்டாவது 'சுருக்சுருக்'. அந்தத் தாதியர் இவற்றைத் தனியாகப் படிக்க வேண்டியிருந்தது. நம்மைப் பார்க்கும் வைத்தியரும் சிங்களம் பேசுபவராக இருக்கலாம், வேறு ஊர்த் தமிழராகவும் இருக்கலாம். 'கொழகொழ' என்றால் அவருக்கு விளங்காமல் போகலாம். அப்போது உவமை கைகொடுக்கும். முட்டை வெள்ளைக்கரு, தயிர், தார், கஞ்சித் தண்ணீர் ஆகியவற்றை எல்லா வீட்டிலும் அறிவார்கள், மொழிபெயர்ப்பதும் இலகு.

அடுத்த முறை கிளினிக்குக் கொப்பியோடு போகும்போது நான்கு விடயங்களை ஒரு துண்டில் குறித்துக்கொள்ளுங்கள்: நிறம், மணம், எதைப்போல் இருக்கிறது, எத்தனை நாளாய். வைத்தியரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், முதலில் உங்கள் பகுதிக் குடும்ப நல மாதுவிடம் அந்தத் துண்டைக் காட்டுங்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கும் இந்தச் சொற்களைப் பழக்குங்கள். "சீ, அதெல்லாம் பேசக்கூடாது" என்று வாயை அடைத்தால், வருத்தம் வரும் நாளில் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாமல் போய்விடும்.