முதலாளியின் பொக்கற்றில் கடையின் இணையம்

கடைத்தெருவில் இப்போது ஒரு பழக்கம் வேரூன்றி வருகிறது. மேசையில் ஒரு லெப்டொப் இருக்கும். பில் போடுவது, ஸ்டொக் பார்ப்பது, கொழும்புக்கு ஓடர் அனுப்புவது, வங்கியில் காசு விழுந்ததா என்று பார்ப்பது எல்லாம் அதில்தான். ஆனால் அந்த லெப்டொப்புக்கு இணையம் சுவரிலுள்ள வயரிலிருந்து வருவதில்லை. முதலாளியின் சட்டைப் பொக்கற்றிலுள்ள கைத்தொலைபேசியிலிருந்துதான் வருகிறது. இதனை ஹொட்ஸ்பொட் என்கிறோம். முதலாளி கடையில் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். அவர் வங்கிக்கோ, ளுஹருக்குப் பள்ளிக்கோ, சாமான் இறக்கும் இடத்துக்கோ எழுந்து போனால் கடையின் இணையமும் அவரோடு சேர்ந்து எழுந்து போய்விடும். வாடிக்கையாளர் வாசலில் நிற்பார். கணக்குப் பொடியன் “முதலாளி வரட்டும்” என்பான்.

இந்த வசதியை நான் குறை கூற வரவில்லை. வாகனத்தில் வைத்திருக்கும் ஸ்பெயார் சில்லு போன்றது இது. அது இல்லாமல் தூரப் பயணம் புறப்படுவது புத்தியில்லை. அதையே மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஓடுவதும் புத்தியில்லை. எம்மவர்களில் ஒரு சாராரிடம் ஸ்பெயார் சில்லே இல்லை. இன்னொரு சாரார் அதில் மட்டுமே ஓடுகிறார்கள். இரு சாராருக்கும் சில விடயங்களைச் சொல்லவே இந்த வாரம் இப்பத்தியை ஒதுக்குகிறேன்.

நாம் வந்த பாதை

2000 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் கைத்தொலைபேசியைக் கம்பியூட்டரோடு இணைப்பது ஒரு பெரிய வேலை. தொலைபேசியோடு வந்த சீடியைப் போட்டு மென்பொருளை ஏற்ற வேண்டும். பிறகு கேபிளை மாட்டி, நட்சத்திரம் 99 ஹாஷ் என்று டயல் செய்து காத்திருக்க வேண்டும். ஜீபிஆர்எஸ் என்ற அந்த இணைப்பில் ஒரு படத்தோடு மின்னஞ்சல் அனுப்புவதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிடலாம். 2006 ஆம் ஆண்டு டயலொக் நிறுவனம் தெற்காசியாவிலேயே முதலாவதாக 3ஜீ சேவையை இங்கு வர்த்தக ரீதியில் ஆரம்பித்தது என்பது குறிப்பிடத்தக்கது. 2010 இல் வெளிவந்த அன்ட்ரொய்ட் 2.2 பதிப்பில் ஹொட்ஸ்பொட் வசதி தொலைபேசிக்குள்ளேயே வந்தது. 2013 இல் கைத்தொலைபேசிக்கு 4ஜீ வந்தது. இன்று விரலால் இரண்டு தட்டு தட்டினால் போதும், லெப்டொப்பில் இணையம் வந்துவிடுகிறது.

வேலை இவ்வளவு இலகுவானதால்தான் அதைப் பற்றி யோசிப்பதையே நாம் விட்டுவிட்டோம்.

கைகொடுக்கும் இடங்கள்

இதன் அருமையை நமக்கு நன்றாகப் படிப்பித்தது 2022 ஆம் ஆண்டு. அந்த வருடம் மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானது. மின்சாரம் போனால் கடையிலுள்ள ரவுட்டரும் செத்துவிடும். பைபர் லைனாக இருந்தாலும் இதே கதைதான். ஆனால் லெப்டொப்புக்குச் சொந்த பெற்றரி இருக்கிறது, தொலைபேசிக்கும் இருக்கிறது. இரண்டையும் இணைத்துக்கொண்டவர்கள் அந்த இருட்டிலும் ஓடர் அனுப்பினார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது என்று சொல்லப்பட்டதே, அன்றும் இதே நிலைதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தொலைபேசிக் கோபுரங்களும் மின்சாரத்தில்தான் இயங்குகின்றன. அவற்றின் பெற்றரியும் ஜெனரேட்டர் டீசலும் தீர்ந்தால் சிக்னலும் குறையும். ஆகவே மின்சாரம் போன உடனேயே அவசர வேலைகளை முடித்துவிட வேண்டும். சாயங்காலம் பார்ப்போம் என்று இருப்பது சரிவராது.

அடுத்தது பயணம். ஊரூராகப் போய் ஓடர் எடுக்கும் புடைவை வியாபாரிக்கும், பேருவளை சீனன்கோட்டையில் கல்லைக் காட்டிவிட்டு வெளிநாட்டு வாங்குநருக்குச் சான்றிதழை அனுப்பும் மாணிக்க வியாபாரிக்கும் கைத்தொலைபேசி இணைப்புத்தான் அலுவலகம். ஹோட்டலிலும் விமான நிலையத்திலும் கிடைக்கும் இலவச வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறப்பதை விட, சொந்தத் தொலைபேசியின் இணைப்பில் திறப்பது எவ்வளவோ மேல். அந்த இலவச இணைப்பை யார் நடத்துகிறார்கள், அதே பெயரில் வேறு யாரும் வலை விரித்திருக்கிறார்களா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது.

சீனாவுக்குச் சாமான் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு விசேட செய்தி. குவாங்சூவிலோ யிவூவிலோ ஹோட்டல் வைஃபையில் ஜீமெயிலும் வட்ஸ்அப்பும் திறக்காது. அங்கு அவை தடுக்கப்பட்டுள்ளன. ஆனால் நமது இலங்கை சிம்மில் ரோமிங் எடுத்துச் சென்றால் பொதுவாக அவை வேலை செய்யும். ரோமிங் டேட்டா நமது நாட்டு வலையமைப்பின் வழியாகச் சுற்றி வருவதே அதற்குக் காரணம். அதை லெப்டொப்போடு இணைத்து விலைச்சிட்டையைக் கடைக்கு அனுப்பிவிடலாம். கட்டணம் கூடுதலாக இருக்கும். எனவே புறப்படுவதற்கு முன்பே ரோமிங் பொதியை எடுத்து, வேலை முடிந்தவுடன் இணைப்பை அணைத்துவிட வேண்டும்.

காலை வாரும் இடங்கள்

இனி மறுபக்கத்துக்கு வருவோம்.

முதலாவது, அழைப்பு. வியாபாரியின் தொலைபேசி நாள் முழுதும் அடிக்கும். 4ஜீயிலேயே கதைக்கும் வசதி இல்லாத தொலைபேசியில் அழைப்பு வந்தவுடன் இணையம் நின்றுவிடும் அல்லது மிக மெதுவாகிவிடும். இரண்டு சிம் போட்டவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஒரு சிம்மில் கதைக்கும்போது மற்ற சிம்மின் டேட்டா பல தொலைபேசிகளில் நின்றுபோகும். வங்கியில் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும்போது இப்படி அறுந்தால், காசு போனதா இல்லையா என்று தெரியாமல் தடுமாறி, இரண்டாம் முறையும் அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது.

இரண்டாவது, டேட்டா. ஒரு பில்லின் பிரதி ஏறத்தாழ 200 கேபி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 ஜீபியில் அப்படி 5,000 பில் அனுப்பலாம். உயர்தர வீடியோ பார்த்தாலோ ஒரு மணித்தியாலத்தில் 3 ஜீபி வரை போய்விடும். அதாவது 15,000 பில்லுக்கான டேட்டா. இதிலே பொடியன்களைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். யாரும் கை வைக்காமலேயே விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை இறக்கிக்கொள்ளும். சில வேளைகளில் அது பல ஜீபி வரும். இரவு நேரத்துக்கென்று ஒதுக்கப்பட்ட டேட்டா பகல் வியாபாரத்துக்கு உதவாது என்பதையும், குறிப்பிட்ட செயலிகளுக்கு மாத்திரம் என்று விற்கப்படும் பொதிகள் லெப்டொப் வேலைக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதையும் வாங்கும்போதே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு. வங்கியின் ஒருமுறைக் குறியீடு வருவதும் முதலாளியின் அதே தொலைபேசிக்குத்தான். இணைப்பு அறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அந்தத் தொலைபேசியைத் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டுத் தொழப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். லாச்சியைத் திறந்து வைத்துவிட்டுப் போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கடை ஒரு மனிதனின் பொக்கற்றில் தங்கியிருக்கிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் கடைக்கும் காய்ச்சல். அவர் உம்ராவுக்குப் போனால் கடை இரண்டு வாரம் பழைய கொப்பிக்குத் திரும்பிவிடும். வற் வரிக்குப் பதிவு செய்தவர்கள் காலாண்டு முடிந்து அடுத்த மாதக் கடைசிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். அதனை இணையம் மூலமே கொடுக்கிறோம். கணக்குப்பிள்ளை வந்து உட்காரும் அன்று முதலாளி ஊரில் இல்லாவிட்டால் திகதி நமக்காகக் காத்திருக்காது.

இரண்டு ஆட்சேபங்கள்

இதைச் சொன்னபோது மூத்த வியாபாரி ஒருவர் என்னிடம், “தம்பி, மாதாமாதம் இன்னொரு கட்டணமா? லைட் பில்லே கழுத்தை நெரிக்குது” என்றார். நியாயமான பேச்சு. சின்னக் கடைக்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்குத்தான். ஆனால் ஒரு மாதத்தில் முதலாளி இல்லாத நேரங்களில் எத்தனை ஓடர் தவறியது, எத்தனை வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போனார் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். எழுதிய பிறகும் கட்டணம்தான் அதிகம் என்றால் விட்டுவிடுங்கள். நான் வற்புறுத்த மாட்டேன்.

இன்னொருவர் வேறு மாதிரிச் சொன்னார். “இணையத்தைப் பொடியன்கள் கையில் கொடுத்தால் நாள் முழுக்க வீடியோதான் பார்ப்பான்கள். என் பொக்கற்றில் இருந்தால்தான் கட்டுப்பாடு.” பலரின் மனதில் உள்ள உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. லட்சக்கணக்கான ரூபாய் புழங்கும் லாச்சியையும் கடைச் சாவியையும் அமானிதமாக ஒப்படைக்கும் பிள்ளையிடம் சில ஜீபி டேட்டாவை ஒப்படைக்க ஏன் தயங்குகிறோம்? வீடியோ பார்ப்பதைத் தடுக்க வேண்டுமானால் டேட்டா எவ்வளவு போனது என்பதைப் பார்க்க வழி இருக்கிறது. மாலையில் ஒருமுறை பார்த்தால் போதும். இணையத்தைப் பொக்கற்றில் பூட்டி வைத்தால் வீடியோ நிற்கும்தான். அதோடு வியாபாரமும் நிற்கும். வேலை செய்ய விரும்பும் பிள்ளையும் “முதலாளி வரட்டும்” என்று சும்மா உட்காரப் பழகிவிடுவான். அப்படிப் பழகிய பிள்ளையிடம் நாளை ஒரு கிளையைப் பொறுப்புக் கொடுக்க முடியுமா?

செய்ய வேண்டியவை

கடைக்கென்று ஒரு இணைப்பு இருக்க வேண்டும். வயர் லைன் எடுக்க வசதியில்லாவிட்டால் சிம் போடும் சிறிய ரவுட்டர் ஒன்று போதும். வீட்டில் கிடக்கும் பழைய தொலைபேசியில் ஒரு சிம்மைப் போட்டும் ஆரம்பிக்கலாம். ஆனால் இரவு பகலாகச் சார்ஜில் போட்டு வைத்தால் பழைய பெற்றரி ஊதிவிடும். ஊதிய தொலைபேசியைக் கடையில், அதுவும் புடைவைக் கடையில், ஒரு நாளும் வைக்க வேண்டாம்.

அந்த சிம் முதலாளியின் பெயரில் அல்லது கடையின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். வேலையாளின் பெயரில் எடுத்தால் அவர் விலகும் அன்று இலக்கமும் அவரோடு போய்விடும்.

முதலாளியின் தொலைபேசி ஸ்பெயாராக இருக்கட்டும். ஆனால் கடை லைன் ஒரு நிறுவனத்தினுடையது என்றால் ஸ்பெயார் சிம் வேறு நிறுவனத்தினுடையதாக இருப்பது நல்லது. இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றாகவே விழும்.

ஒரு லெப்டொப் மாத்திரம் என்றால் வைஃபையை விட யூஎஸ்பி கேபிள் நல்லது. இணைப்பு ஆடாது. வேறு யாரும் உள்ளே நுழைய முடியாது. தொலைபேசியும் சார்ஜ் ஆகும். சிறு மின்னஞ்சல் வேலைக்கு புளூடூத் போதும். அது மெதுவானது, ஆனால் பெற்றரியை அதிகம் தின்னாது. பல கம்பியூட்டர்கள் இருந்தால் மட்டும் ஹொட்ஸ்பொட். அதற்குரிய கடவுச்சொல் கடைப் பெயராகவோ தொலைபேசி இலக்கமாகவோ இருக்கக் கூடாது. எட்டு எழுத்துக்குக் குறையாமல் எழுத்தும் இலக்கமும் கலந்து வையுங்கள். வேலையாள் ஒருவர் விலகினால் அன்றே மாற்றுங்கள்.

விண்டோஸில் அந்த இணைப்பை மீற்றர்ட் கனெக்ஷன் என்று குறித்துவிட்டால் பெரிய புதுப்பிப்புகளை அது பெரும்பாலும் ஒத்திவைக்கும். பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் செய்து தருவார்கள்.

இவற்றையெல்லாம் செய்த பின் ஒரு பரீட்சை வையுங்கள். வியாபாரம் மும்முரமாக உள்ள ஒரு நாளில், உங்கள் தொலைபேசியைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் கடையை விட்டு வெளியே போய் வாருங்கள். திரும்பி வரும்போது பில் போடப்பட்டிருந்தால், ஓடர் போயிருந்தால், வாடிக்கையாளர் சாமானோடு போயிருந்தால் உங்கள் கடை சொந்தக் காலில் நிற்கிறது. பொடியன் வாசலில் நின்று உங்கள் வரவைப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் வேலை இருக்கிறது. அதை இந்த மாதமே முடித்துவிடுங்கள்.