குடும்ப வண்டிக்கு எச்சஸ்பென்ஷன் ஏற்றது?

குடும்பத்திற்கென மோட்டார் வண்டி வாங்குவோர் ஓட்டுபவரின் களிப்பொன்றையே கருதுதல் முறையன்று என்பது எமது துணிபு. விளையாட்டுச் சஸ்பென்ஷன் என்பது ஸ்பிரிங்குகளைக் குறுக்கி விறைப்பாக்கியதேயாம். 2012-இல் வெளிவந்த ஏழாந் தலைமுறைக் கால்ப் வண்டியை அது 15 மில்லிமீட்டர் தாழ்த்திற்று. வளைவுகளில் வண்டி மிகச் சாயாதென்பது மெய்யே. ஆயினும், குழிதோறும் எழும் அதிர்ச்சியைப் பின்னாசனத்துப் பாட்டியாரும் குழந்தைகளுமன்றோ அனுபவிக்கின்றனர்?

நிற்க. தகவமைச் சஸ்பென்ஷனோ, பாதையின் இயல்பை உணர்கருவிகள் அறிவிக்க, அதிர்வுதாங்கியினுள் எண்ணெய் பாயும் வாயிலை மின்விசையால் ஒடுக்கியும் விரித்தும், கணந்தோறும் வன்மை மென்மைகளை மாற்றிக்கொள்வது. 2002-இல் காடிலாக் செவில் வண்டியிற் புகுந்த வகையிலோ அவ்வாயிலும் இல்லை. இரும்புத்துகள் கலந்த எண்ணெயே காந்தவிசையால் தடிக்கின்றது. என்னே விந்தை!

இதற்குக் குறையும் உண்டு. தேய்ந்த தாங்கியை மாற்றுங்காற் செலவு மிகும். அது பொறுக்கவியலாதார் சாதாரண அமைப்பையே கொள்க. அதனை இகழ்ந்து விளையாட்டமைப்பிற்கு மிகைப்பொருள் கொடுத்தலை யாம் ஒப்போம். "தனியே ஓட்டுங்கால் இன்பம் வேண்டாவோ?" என வினவும் நண்பர், வாரத்தில் எத்துணை நாழிகை தனியே ஓட்டுகின்றாரென எண்ணிப் பார்ப்பாராக. வாங்குமுன் வீட்டு முதியோரைப் பின்னாசனத்தில் இருத்தி ஓட்டிப் பார்த்தல் வேண்டும். விற்பனையாளர் காட்டும் வழுவழுத்த நெடுஞ்சாலையிலன்று, நாடோறும் செல்லும் மேடுபள்ளமான தெருவில்.