இரண்டாம் வரிசை நட்சத்திரங்கள்

அமெரிக்கக் கூடைப்பந்தில் என்.பி.ஏ. நட்சத்திர ஆட்டம் 1951-இலேயே பாஸ்டனில் தொடங்கிவிட்டது. அதன் துணை லீக்கான டி-லீக் (இன்றைய ஜி லீக்) 2001-இல் பிறந்தது. அந்த வீரர்களுக்கென்று ஒரு நட்சத்திர ஆட்டம் கிடைத்தது 2007-இல், லாஸ் வேகாசில். அதுவும் பெரியவர்களின் திருவிழாவுக்கு ஓரத்தில்! 2018-இல் அதற்குப் பதிலாக மெக்சிகோ தேசிய அணியோடு ஒரு போட்டி வைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. தேர்வான வீரரை என்.பி.ஏ. அணி அழைத்துக்கொண்டால், அவர் இடத்தில் இன்னொருவர் ஆடுவார். வராமல் போவதே அங்கே பெரிய கௌரவம்.

வெறும் காட்சி ஆட்டம்தானே என்பார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன். பதவி உயர்வுக்குக் காத்திருந்தே ஓய்வு பெற்றவன் நான். மேலே போகாதவனுக்கும் ஒரு நாள் கைதட்டல் வேண்டும். அந்த ஆட்டத்தை அவர்கள் ஆடும் சிற்றூர்களிலேயே நடத்தட்டும். பெயர் சொல்லிக் கைதட்ட அங்கேதான் ஆள் உண்டு.