ஒரு கைப்பிடிக்காக ஒரு வீடு

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம். செட்டிநாட்டில் பழைய வீடு வைத்திருக்கிறவர், ஜன்னல் கைப்பிடி உடைந்துபோனால், அதற்கு ஜோடியாக இன்னொரு பழைய கைப்பிடியைத் தேடிப் பழம்பொருள் கடைக்குப் போகக் கூடாது. புதிதாக வார்த்துத் தரச் சொல்லட்டும். அதற்கு வழி இல்லையானால் இரும்புக் கடையில் தொங்குகிற சாதாரணக் கைப்பிடியைப் போட்டுக்கொள்ளட்டும். அதற்கும் மனம் வராவிட்டால் கொஞ்ச நாளைக்குக் கயிற்றைக் கட்டிக்கொள்ளட்டும். பழையது மட்டும் வேண்டாம்.

"இதென்ன தலைகீழ் நியாயம்? பழைய வீட்டுக்குப் பழைய சாமானையே தேடிப் போடுகிறவன் அல்லவா உண்மையான ரசிகன்?" என்று கேட்பீர்கள். நன்றாக உடுத்தி, நன்றாகப் படித்து, வாரப் பத்திரிகையில் கதை வாசிக்கிற நம்மைப் போன்ற மனிதர்கள்தாம் இப்படிக் கேட்கிறார்கள். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். அலுமினிய ஜன்னல் போடுகிறவன் தன் வீட்டை மட்டும் கெடுத்துக்கொள்கிறான். நம்முடைய ரசிகர் அடுத்தவன் வீட்டையும் சேர்த்துக் கெடுக்கிறார்.

பழைய கைப்பிடி மரத்தில் காய்ப்பதில்லை. அது கடைக்கு வருவதற்கு முன்னால் ஒரு ஜன்னலில் இருந்தது. அந்த ஜன்னல் ஒரு சுவரில் இருந்தது. அந்தச் சுவருக்குள் ஒரு குடும்பம் இருந்தது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு என்றால் பழம்பொருள் வாங்குகிற உலகத்துக்கெல்லாம் தெரியும். அங்கே போய்ப் பாருங்கள். எனாமல் கிண்ணம், பித்தளை அண்டா, பீங்கான் ஜாடி இவற்றை விட்டுவிடுங்கள். அவை பெட்டகத்திலிருந்து வெளியே வந்தவை, வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தூண், நிலை, கதவு, ஜன்னல், கீல், தாழ்ப்பாள், கைப்பிடி இவை வந்திருந்தால் என்ன அர்த்தம்? வீட்டை உடைக்காமல் தூணை எடுக்க முடியுமா? நீங்கள் ஒரு கைப்பிடி கேட்டால் குவியலில் ஒன்று கிடைக்கும். ஒரே மாதிரியாகப் பன்னிரண்டு கேட்டால் குவியலில் கிடைக்காது. ஒரு வீட்டில்தான் கிடைக்கும்.

வியாபாரிமேல் எனக்குக் குறை இல்லை. அவர் விற்கிறார், நாம் வாங்குகிறோம். வாங்குகிறவன் இருக்கிறவரைக்கும் கடப்பாரைக்கு வேலை இருக்கும்.

இந்த வீடுகள் ஏன் உடைபடுகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940 வரைக்கும், பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று கடல் கடந்து போய்ச் சம்பாதித்த பணத்தில் நகரத்தார் கட்டியவை இவை. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று நீளுகிற வீடுகள். 1941-இலும் 1942-இலும் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் காடும் மலையுமாக நடந்து வந்தார்கள். 1948-இல் பர்மா சுதந்திரம் பெற்றதும் நில உடைமைச் சட்டங்கள் வந்தன. 1962-இல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த இரண்டு வருஷங்களில் வங்கிகளையும் வியாபாரங்களையும் தேசியமாக்கிவிட்டது. பணம் வந்த வழி அடைபட்டது. வீடு மட்டும் நின்றது.

ஆனால் பர்மா போனது மட்டுமே காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விடமாட்டேன். பர்மா போய் அறுபது வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்குச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற வாரிசுகளில் ஜன்னலுக்குக் கைப்பிடி வாங்கப் பணமில்லாதவர் எத்தனை பேர்? பணம் இருக்கிறது, வீடு யாருடையது என்பதுதான் தெரியவில்லை. வளவைச் சுற்றி இருக்கிற அறைகள் ஒவ்வொன்றும் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் என்று கட்டியவை. அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குப் பங்காளிகள். ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஊர் கூடி ஒரு கைப்பிடி மாட்ட முடியவில்லை. "நான் ஏன் போட வேண்டும்? எனக்குப் பங்கு பதினாறில் ஒன்றுதானே!" என்கிறார் ஒருவர். பதினாறு பேரும் அதையே சொல்கிறார்கள். அப்புறம் மழை வருகிறது.

மழை எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கைப்பிடி தானாக உடைவதில்லை. தேக்குப் பலகை கனமானது. அந்தக் கனத்தைத் தாங்குவது கீல். பல வருஷம் திறந்து மூடியதில் கீலின் முளை தேய்கிறது. தேய்ந்தால் கதவு ஒரு நூல் சாய்கிறது. சாய்ந்த கதவின் கீழ் மூலை நிலையில் உரசுகிறது. உரசுகிற கதவை நாம் கைப்பிடியைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறோம். கீல் செய்யவேண்டிய வேலையைக் கைப்பிடி செய்கிறது. திருகாணி ஆட்டம் காண்கிறது, துளை பெரிதாகிறது. யாரோ ஒரு புண்ணியவான் பித்தளைத் திருகாணி விழுந்த இடத்தில் இரும்பு ஆணியை அடித்து வைக்கிறார். பித்தளையும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் இரும்புதான் முதலில் அரிக்கும். துரு இறங்கிய இடத்தில் மரம் கறுத்துப் போகிறது. ஒருநாள் பிடி கையோடு வந்துவிடுகிறது. பிடி இல்லாத ஜன்னலை இறுக்கிச் சாத்த முடியாது. ஐப்பசி மழை உள்ளே வருகிறது. சுண்ணாம்புச் சாந்து ஊறுகிறது. அடுத்த ஐப்பசியில் நிலை உளுக்கிறது. அதற்கு அடுத்த வருஷம், "இனிமேல் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று பதினாறு பேரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். பங்காளிகள் ஒற்றுமையாக இருக்கிற சந்தர்ப்பம் அது ஒன்றுதான்.

இதற்கு மாற்று என்ன? கீலைக் கழற்றி முளையை மாற்றிக் கதவை நிமிர்த்த வேண்டும். பெரிதான துளையில் தேக்குக் குச்சியைச் சீவி அடித்து, பசை காய்ந்தபின் புதிதாகத் துளை போட வேண்டும். பித்தளைக்குப் பித்தளைத் திருகாணியே போட வேண்டும். தேர்ந்த ஆசாரிக்கு அரைநாள் வேலை. கைப்பிடி இரண்டாக உடைந்திருந்தால் வெங்காரம் தூவிப் பற்றாசு வைத்து ஒட்டலாம். ஒட்ட முடியாதபடி ஒரு துண்டு தொலைந்திருந்தால்தான் புதுக் கைப்பிடியைப் பற்றிய பேச்சே வர வேண்டும்.

புதுக் கைப்பிடி வாங்க நானும் போனேன். எங்கள் வீட்டு மாடி அறை ஜன்னலில் ஒன்று போய்விட்டது. கடைக்காரர் உடைந்ததைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இது அங்குலக் கணக்குப் பிடி. இப்ப எல்லாம் மில்லிமீட்டர்தான். ஒண்ணு செய்யுங்க, ஜன்னலையே மாத்திடுங்க. அலுமினியத்துல ரெண்டு நாள்ல முடிச்சுத் தந்துடுவாங்க" என்றார்.

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. 1956-இல் சட்டம் செய்து, அதற்கடுத்த சில வருஷங்களில் நம் தேசம் மெட்ரிக் அளவுக்கு மாறியது. நாலு அங்குலம் என்பது 101.6 மில்லிமீட்டர். இன்றைக்கு வருகிற பிடி 100. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இந்த ஒன்றரை மில்லிமீட்டருக்காக, பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு அலுமினியத்தை வைக்கலாமாம்! ஒரு துளையை அடைத்துப் பக்கத்தில் இன்னொரு துளை போடுகிற புத்தி நமக்கு இல்லாமல் போய்விட்டதா?

சரி, அலுமினிய ஜன்னலின் பிடி உடைந்தால்? "அந்த மாடல் நின்றுபோச்சு" என்பார்கள். பிறகு கதவையே மாற்ற வேண்டும். மலிவான பிடிகளில் பல, துத்தநாகக் கலவையில் அச்சில் அழுத்தி, மேலே பளபளப்புப் பூசியவை. அவை உடைந்தால் பற்றாசு பிடிக்காது. பொருள்களைப் பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி நம் அரசாங்கம் 2022-இல் ஒரு குழு அமைத்து, உழவுக் கருவி, கைப்பேசி, வீட்டு மின்சாதனம், வாகனம் என்று துறைகளைக் குறித்தது. நல்ல காரியம். ஜன்னல் கைப்பிடி அந்த வரிசையில் இல்லை. ஜன்னல் கைப்பிடிக்குச் சட்டம் எதற்கு, ஆசாரி போதும் என்று நினைத்தார்களோ என்னவோ!

அந்த ஆசாரியைப் பற்றியும் கன்னாரைப் பற்றியும்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். உடைந்த பிடியை மாதிரியாக வைத்து, மண்ணில் அச்சுப் பதித்து, உருக்கிய பித்தளையை ஊற்றினால் இன்னொரு பிடி வந்துவிடும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் சுருங்கும். நாலு அங்குலப் பிடியை அப்படியே அச்சுப் பதித்தால், வருவது நூறு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். சட்டம் செய்த அதே மாறுதலை உலையும் செய்துவிடுகிறது! தொழில் தெரிந்தவர் மாதிரிக்கு மெழுகு பூசிச் சற்றுப் பெரிதாக்கிக்கொள்வார். திருகாணித் துளையை வார்ப்பிலே விடாமல், ஆறிய பிறகு அளந்து போடுவார். இந்தச் சின்ன அறிவு புத்தகத்தில் படித்து வருவதில்லை. உலையடியில் நின்று வருவது. வேலை வந்துகொண்டிருந்தால்தான் நிற்கும். நாம் பழம்பொருள் கடையில் வாங்குகிற ஒவ்வொரு கைப்பிடியும் அவருக்கு வராமல் போன ஒரு வேலை. கைப்பிடி போனால் வாங்கலாம். கை போனால் எங்கே வாங்குவது?

"புதிதாக வார்த்தது போலி அல்லவா?" என்கிறார் ரசிகர். இந்த வீடுகளைக் கட்டியவர்களுக்கு அந்த நோய் இருந்ததில்லை. பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று அந்தக் காலத்தில் எது புதிதோ அதைத்தான் வாங்கிப் போட்டார்கள். 'ஜன்னல்' என்ற சொல்லே போர்த்துக்கீசியர் தந்தது, 'சாவி'யும் அப்படித்தான். சாளரம், காலதர் என்று நம்மிடம் நல்ல சொற்கள் இருந்தும் ஜன்னல் வந்து குடியேறிவிட்டது. வீட்டுக்குள் வந்து உழைத்தால் எதுவும் நம்முடையதுதான். ஆத்தங்குடி ஓட்டைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் சாயச் சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, கையாலே செய்கிற தளக்கல். அந்தத் தொழில் இன்றும் நடக்கிறதென்றால் என்ன காரணம்? ஜனங்கள் புதுக் கல் வாங்குகிறார்கள். எல்லோரும் பழைய கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோயிருந்தால், ஆத்தங்குடியில் இன்றைக்கு ஒரு பட்டறை இருக்குமா?

ஜப்பானில் இஸே என்ற ஊரில் ஒரு கோவில். இருபது வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதைப் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாகக் கட்டியது 2013-இல். மரம் புதிது, தொழில் மட்டும் பழையது. அப்பன் கட்டியதைப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்து, அடுத்த தடவை தானே கட்டுகிறான். அங்கே யாரும் அதைப் போலி என்று சொல்வதில்லை.

என் எதிர்க்கட்சிக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். "வீடு எப்படியும் விழுந்துவிட்டது. சாமான் கடைக்கு வந்துவிட்டது. நான் வாங்காவிட்டால் உருக்கிவிடுவார்கள். ஒரு வீட்டில் மறுபடி உழைக்கட்டுமே!" என்கிறார்கள். மரம் மாறினாலும் வீடு வாழட்டும் என்ற நல்லெண்ணம்தான். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில், ஒரு செட்டிநாட்டு வீட்டையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்க்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. உங்கள் சொந்தப் பங்காளி வீடு இடிந்தால், அதன் பிடியை எடுத்து உங்கள் ஜன்னலில் மாட்டிக்கொள்ளுங்கள். அதன் ஊரும் பேரும் உங்களுக்குத் தெரியும். கடையில் கிடக்கிற பிடிக்கு ஊரும் பேரும் இல்லை. விழுந்த வீட்டில் எடுத்ததா, விழச் செய்து எடுத்ததா என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல உங்களால் முடியாது. நூறு வயதான கலைப்பொருள் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று 1972-இல் சட்டம் செய்திருக்கிறார்கள். காரைக்குடியிலிருந்து மும்பை ஓட்டலுக்குப் போவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வாங்குகிறவனின் மனசாட்சி ஒன்றுதான் தடுக்க முடியும்.

2014-இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்காக நாமும் பெருமைப்பட்டோம். பட்டியல் ஜன்னலைச் சாத்தாது. படைப்புக்கோ கல்யாணத்துக்கோ அடுத்த முறை ஊருக்குப் போகிறவர்கள், வீட்டைப் படம் பிடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஜன்னலையும் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். எது உரசுகிறது, எது ஆடுகிறது என்று ஒரு காகிதத்தில் குறியுங்கள். ஆளுக்கு நூறோ இருநூறோ போட்டு, பங்காளிகளில் ஊரோடு இருக்கிற ஒருவர் கையில் கொடுங்கள். ஆசாரியைத் தேடிப்பிடித்து, ஐப்பசிக்கு முன்னால் வேலையை முடித்துவிடச் சொல்லுங்கள்.