மேடைக்கு 88 கட்டை எதுக்குங்க?

கல்யாண ரிசப்ஷன், ஆடித் திருவிழான்னு மெல்லிசை மேடையில் வாசிக்கிறவங்களுக்கு 88 கட்டை டிஜிட்டல் பியானோ தேவையே இல்லை. இதை எங்க சொன்னாலும் யாராவது சண்டைக்கு வர்றாங்க. (கட்டைன்னா இங்க சுருதி இல்லை மக்களே, விரல் வைக்கிற கட்டை.)

இப்ப இதை எழுதக் காரணம் ஆரணியில் எங்க தெருத் தம்பி ஒருத்தன். பகல்ல அப்பாவோட பட்டுத்தறியில் உட்கார்றான், முகூர்த்த நாள்ல ஒரு குழுவில் கீபோர்டு வாசிக்கிறான். "அண்ணா, பியானோ ஃபீல் வேணும், வெயிட்டட் கீ இருக்கிறதா வாங்கப் போறேன், லோன் சொல்லி வெச்சிட்டேன்"னு வந்து நின்னான். தவணை கட்டப்போறது கச்சேரிக் காசும் தறிக் கூலியும்தான். தப்பா வாங்கினா ரெண்டு வருஷத்துக்கு வீடே சுமக்கணும்.

அவன் பார்த்து வெச்சது ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ். அருமையான பியானோ, மறுக்கலை. ஆனா எடை 14.8 கிலோ, நீளம் 130 செ.மீ. ஸ்டாண்டு, பெடல், ஒயர் எல்லாம் தனி. இதை டூவீலர்ல வெச்சு செய்யாறு, போளூர்னு எப்படிப் போறது? சரி, குழுவுக்கு வேன் இருக்குன்னே வெச்சுக்குவோம். அதுல பிட்ச் பெண்டே கிடையாதே! யமஹா பி-125லயும் கிடையாது. நம்ம பாட்டுகளோட இடையிசையில் புல்லாங்குழலும் நாதஸ்வரமும் வயலினும்தான் நிறைய. கமகம் வர வேண்டிய இடத்துல ஸ்வரம் படிக்கட்டு இறங்குற மாதிரி டக் டக்னு இறங்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் முகத்தைப் பார்க்கணுமே அப்போ!

அடுத்தது சவுண்டு மாத்துறது. 1983-ல் யமஹா டிஎக்ஸ்7 வந்தது, 1986-ல் புன்னகை மன்னன்ல ராஜா சீக்வென்சர் பயன்படுத்தினார். அந்தக் காலத்துப் பாட்டுல ஆரம்பிச்சு போன மாசம் ஹிட்டான பாட்டு வரைக்கும் ஒரே ராத்திரியில் கேட்பாங்க. பல்லவிக்கு எலெக்ட்ரிக் பியானோ, இடையில் ஸ்ட்ரிங்ஸ், சரணத்துக்கு முன்னாடி ஒரு சிந்த் லீடு. மாத்துறதுக்குக் கிடைக்கிறது ஒரு நொடி. "ஜக்கார்டு அட்டையை முன்னாடியே கோத்து வெச்சிடறோம் இல்ல, தறி ஓடும்போதா தேடுவோம்? அது மாதிரிடா"ன்னேன். அதுவரைக்கும் தலையாட்டிட்டு இருந்தவன் அப்பதான் நிமிர்ந்து பார்த்தான்.

கடைக்குப் போனா முதல்ல பியானோ வாசிக்காதீங்க, எல்லாக் கீபோர்டும் கடையில் நல்லாத்தான் கேட்கும். ஸ்ட்ரிங்ஸ்ல ஒரு கார்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே சவுண்டை மாத்துங்க. பழைய சத்தம் வெடுக்குனு அறுந்து போச்சுன்னா மேடையில் தினமும் அறுக்கும்.

என் ஓட்டு 61 கட்டைக்கு. 2015-ல் வந்த ரோலண்ட் ஜூனோ-டிஎஸ்61 எடை 5.3 கிலோ, 128 பாலிஃபனி, பிட்ச் பெண்ட் லீவர் உண்டு, எட்டு ஏஏ ரீசார்ஜபிள் பேட்டரியிலும் ஓடும். ஜெனரேட்டர் மாத்துற நேரத்துல எல்லாருக்கும் கரண்ட் போகும், உங்களுக்குப் போகாது. அதுக்கு அடுத்த ஜூனோ-டி வரிசை வந்துட்டதால டிஎஸ்ஸை செகண்ட் ஹேண்ட்லதான் தேடணும். கொஞ்சம் வசதி இருந்தா யமஹா எம்ஓடிஎக்ஸ்6. அதே சவுண்டுதான் 88 கட்டை எம்ஓடிஎக்ஸ்8லயும். முன்னது 6.6 கிலோ, பின்னது 13.8. அந்த 7 கிலோவுக்கு என்ன கிடைக்குதுன்னு யோசிங்க.

டிரினிட்டி பியானோ கிரேடு பரீட்சைக்குப் படிக்கிறவங்களுக்கு இந்தப் பதிவு இல்லை. அவங்களுக்கு வெயிட்டட் கட்டை அவசியம், ஆனா அது வீட்டுல இருக்கட்டும். மேடையில் இடது கை பேஸ் வாசிக்கணும்னு சொல்றவங்க, பக்கத்துல நிக்கிற பேஸ் கிடார்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. ஹி ஹி.

தம்பி இன்னும் லோன் பேப்பர்ல கையெழுத்துப் போடலை. ஞாயித்துக்கிழமை சென்னைக்குப் போய் ரெண்டையும் வாசிச்சுப் பார்க்கிறதா ஏற்பாடு.

டிஸ்கி: எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு தரலை. தந்தா ஒரு சஸ்டெயின் பெடல் வாங்கிக்குவேன்.